பண்டிகை நாளில் கடையை மூடுவதா, திறப்பதா? தங்கவயல் கடைவீதிக்குச் சட்டம் சொல்வது என்ன?

கோலார் தங்கவயல்: மத விடுமுறை நாட்களில் கடைகள் மூடப்பட வேண்டுமா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறுவது எளிது. அந்த விடையை ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் நின்றுகொண்டு கூறுவது அத்தனை எளிதன்று. பொங்கல், யுகாதி, ரம்ஜான், மகாவீர் ஜெயந்தி, புனித வெள்ளி, தமிழ்ப் புத்தாண்டு, புத்த பூர்ணிமை, பக்ரீத், விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூசை, தீபாவளி, கிறிஸ்துமஸ் என ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு வீட்டில் கொண்டாட்டம் நடைபெறும் ஊர் இது. யாருடைய பண்டிகைக்கு யாருடைய கடை மூடப்பட வேண்டும்?

இக்கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் உள்ளன. ஒன்று, கடையின் கதவு மூடப்பட வேண்டுமா என்பது. மற்றொன்று, கடைக்குள் நின்று துணி மடிக்கும், பொட்டலம் கட்டும், ரசீது போடும் ஊழியருக்கு அன்று விடுப்பு உண்டா என்பது. பொது விவாதங்களில் இவ்விரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. சட்டமோ இவற்றைத் தனித்தனியே பார்க்கிறது. முதல் கேள்வியில் பெரும்பாலும் தலையிடாத சட்டம், இரண்டாவது கேள்வியில் ஊழியருக்குத் தெளிவான உரிமையை வழங்கியுள்ளது.

பல சமயங்களின் சுரங்க நகரம்

1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் கீழ் இங்கு தங்கச் சுரங்கப் பணி விரிவடைந்தது. வட ஆர்க்காடு, சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் இருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தோர், சுரங்கத்தின் முதன்மை உழைப்பாளர்களாயினர். ஒரு காலத்தில் 30,000-க்கும் மேற்பட்டோர் பணிபுரிந்த இடம் இது. மாரியம்மன் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் அருகருகே எழுந்தன. அயோத்திதாசப் பண்டிதர் முன்னெடுத்த தமிழ்ப் பௌத்த இயக்கம் தங்கவயல் தொழிலாளர்களிடையே வேரூன்றியது. சுரங்கக் குடியிருப்புகளை ஒட்டி வளர்ந்த ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் வணிகர்களின் ஊர்களாயின. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகிய நான்கு மொழிகளிலும் பேரம் பேசப்படும் கடைவீதி அப்படி உருவானதுதான்.

சுரங்கத்தில் ஓய்வு நாள் என்பது பண்டிகையை மட்டும் சார்ந்ததாக இருக்கவில்லை. எவரையும் வாரத்தில் ஆறு நாட்களுக்கு மேல் பணியில் ஈடுபடுத்தக் கூடாது என்று 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் கூறியது. தொழிலாளி எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர் என்பதை அச்சட்டம் பார்க்கவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன் பின்னர் தங்கவயலின் அடுத்த தலைமுறையினர் பலர் வேலை தேடி பெங்களூரு செல்லும் ரயில்களில் ஏறினர். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள் இன்று துணிக்கடையிலும் வணிக வளாகத்திலும் பேரங்காடியிலும் வேலை பார்க்கின்றனர். ஆகவே கடைகளின் விடுமுறை என்பது இவ்வூருக்கு வணிகர்களின் பிரச்சினையாக மட்டும் இல்லை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களின் பிரச்சினையாகவும் இருக்கிறது.

பொது விடுமுறை என்றால் கடை மூட வேண்டுமா?

மூட வேண்டியதில்லை. கர்நாடக அரசு ஆண்டுதோறும் வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியலில் சுமார் இருபது நாட்கள் இடம்பெறுகின்றன. அப்பட்டியல் அரசு அலுவலகங்களுக்கானது. வங்கிகளுக்கான விடுமுறை, 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின் கீழ் தனியே அறிவிக்கப்படுகிறது. இவ்விரண்டில் எதுவும் மளிகைக் கடைக்காரரையோ துணிக்கடைக்காரரையோ கடையை மூடும்படி பணிப்பதில்லை.

தங்கவயலைப் பொறுத்தவரை இப்பட்டியலில் ஒரு தற்செயல் பொருத்தமும் உண்டு. தமிழ்ப் புத்தாண்டு என்ற பெயரில் கர்நாடகத்தில் பொது விடுமுறை இல்லை. எனினும் பெரும்பாலான ஆண்டுகளில் தமிழ்ப் புத்தாண்டு வரும் ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளும் ஆகும். அந்த நாள் அரசு விடுமுறையாக இருப்பதால், தங்கவயல் தமிழர்களுக்கு ஒரே நாளில் இரண்டு கொண்டாட்டங்கள் அமைந்துவிடுகின்றன. மாட்டுப் பொங்கலுக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை.

திருவிழாவும் சந்தையும்

பண்டிகை என்றால் ஓய்வு, ஓய்வு என்றால் கடை அடைப்பு என்ற எண்ணம் நம் மரபில் இருந்து வந்ததன்று. யூதர்களின் சனிக்கிழமையும் கிறிஸ்தவ ஐரோப்பாவின் ஞாயிற்றுக்கிழமையும் வேலையை நிறுத்துவதையே வழிபாட்டின் பகுதியாகக் கொண்டவை. நம் திருவிழாக்களில் பெரும்பாலானவை கடையோடு சேர்ந்தே நடப்பவை. தேர் புறப்படும் தெருவில் வளையல் கடையும் பொரி கடலைக் கடையும் இல்லாவிட்டால் அது திருவிழாவாகத் தோன்றுவதில்லை.

ஆயுத பூசையை எடுத்துக்கொள்வோம். அன்று தராசுக்கும் கல்லாப்பெட்டிக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் பொட்டிட்டுப் பூசை செய்யப்படுகிறது. கடையே அன்று வழிபாட்டு இடம். கதவு திறந்திருக்கும், வணிகம் நடக்காது அல்லது பெயருக்கு நடக்கும். தீபாவளி அமாவாசை மாலையில் ஜெயின், மார்வாடி வணிகர்கள் புதுக் கணக்குத் தொடங்குவதும் கடைக்குள்தான். அட்சய திருதியை நகைக்கடைகளுக்கு ஆண்டின் மிகப் பெரிய விற்பனை நாட்களில் ஒன்று. ஒரு மத நம்பிக்கை, கடை திறந்திருப்பதையே தேவையாகக் கொண்டுள்ள நாள் அது. ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறந்த பின்னர் இரவுக் கடைவீதி உயிர்பெறுகிறது. அதே வணிகர்கள் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்காக ஒரு மணி நேரம் கடையை மூடுவதும் உண்டு.

பூ, வாழையிலை, கரும்பு, மாவிலை, மஞ்சள் குலை விற்போருக்குப் பண்டிகை நாளும் அதன் முந்தைய நாளும் மட்டுமே வருவாய். அவர்களிடம் மத விடுமுறைக்குக் கடை மூடுங்கள் என்பது, வேளாண் தொழிலாளியிடம் அறுவடை நாளில் ஓய்வெடுங்கள் என்பதற்கு ஒப்பாகும். மருந்துக் கடைகளையும் பால் விற்பனையையும் பற்றித் தனியே கூற வேண்டியதில்லை.

எனவே கடைகளைக் கட்டாயமாக மூடுவது பண்டிகைக்குச் செய்யும் மரியாதை என்ற வாதம் இங்கு வலுவாக நிற்பதில்லை. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. கடைவீதி பரபரப்பாக இருக்கும் நாளில்தான் கடை ஊழியருக்குத் தன் வீட்டில் இருக்க முடிவதில்லை. தீபாவளிக்கு முந்தைய இரவு பத்து மணிக்கும் புடவை எடுத்துக் காட்டும் பெண், வீடு திரும்பி எண்ணெய்க் குளியலுக்கு நீர் காய்ச்சுவதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது. வாடிக்கையாளரின் பண்டிகை அவரது உழைப்பில் நடக்கிறது. சட்டம் பேசத் தொடங்கும் இடம் இதுவே.

ஃபெரோஸ்பூர் புத்தகக் கடை வழக்கு

கடையை ஒரு நாள் மூடும்படி அரசு கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்வி, குடியரசின் தொடக்க ஆண்டுகளிலேயே நீதிமன்றத்துக்குச் சென்றது. பஞ்சாபின் ஃபெரோஸ்பூர் ராணுவக் குடியிருப்பில் ஒரு புத்தகக் கடை இருந்தது. 1940-ஆம் ஆண்டின் பஞ்சாப் வணிக ஊழியர் சட்டப்படி வாரத்தில் ஒரு நாள் கடையை மூட வேண்டும். எந்த நாள் என்பதைக் கடைக்காரரே தேர்ந்தெடுக்கலாம். இவர் தேர்ந்தெடுத்தது வெள்ளிக்கிழமை. 1954 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ஆய்வாளர் சென்றபோது கடை திறந்திருந்தது. கடைக்காரரின் மகன் பொருள் விற்றுக்கொண்டிருந்தார்.

அபராதம் விதிக்கப்பட்ட கடைக்காரர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். தம் கடையில் ஊழியர் எவரும் இல்லை, தாமும் குடும்பத்தினருமே கடையை நடத்துகிறோம், ஊழியர் நலனுக்கான சட்டம் தம்மைக் கட்டுப்படுத்துவது தொழில் செய்யும் அடிப்படை உரிமைக்கு எதிரானது என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் வாதம்தான். எனினும் 1960 நவம்பரில் அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உழைப்பவரின் உடல்நலம் சமூகத்தின் நலன் என்றும், அந்த அக்கறை கடை உரிமையாளருக்கும் அவர் குடும்பத்துக்கும் நீளலாம் என்றும் நீதிமன்றம் கருதியது. குடும்பக் கடைகளுக்கு விலக்கு அளித்தால் அதுவே சட்டத்தைத் தவிர்க்கும் வழியாகிவிடும் என்பதும் கருத்தில் கொள்ளப்பட்டது.

இத்தீர்ப்பில் கவனிக்க வேண்டியது, மூடும் நாளுக்குச் சமயச் சாயம் எதுவும் இல்லை என்பது. கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமையையோ செவ்வாய்க்கிழமையையோ தேர்ந்தெடுத்திருந்தாலும் சட்டத்துக்கு ஒன்றே. ஓய்வு கட்டாயம், எந்த நாள் என்பது அவரவர் விருப்பம்.

அடுத்த ஆண்டே, 1961 மே 29 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதே கேள்விக்கு விடையளித்தது. அங்கு சட்டம் ஞாயிற்றுக்கிழமை என்று நாளையே குறித்திருந்தது. பிலடெல்ஃபியாவின் யூத வணிகர்கள் தம் சமயப்படி சனிக்கிழமை கடையை மூட வேண்டும், சட்டப்படி ஞாயிற்றுக்கிழமையும் மூட வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வருவாய் இழப்பு. ஞாயிறு என்பது இப்போது அனைவருக்கும் பொதுவான ஓய்வு நாளாகிவிட்டது, அது மதத் திணிப்பாகாது என்று கூறி நீதிமன்றம் அவர்களது மனுவை நிராகரித்தது. பெரும்பான்மையினரின் புனித நாளைப் பொது ஓய்வு நாளாக்கும்போது, சிறுபான்மை வணிகர் தம் சமயத்தைப் பின்பற்றுவதற்கு ஒரு விலை கொடுக்க நேர்கிறது. ஃபெரோஸ்பூர் சட்டம் அந்தச் சிக்கலைத் தொடக்கத்திலேயே தவிர்த்திருந்தது. பல சமயத்தினர் அடுத்தடுத்த கடைகளில் அமர்ந்திருக்கும் தங்கவயல் போன்ற ஊருக்கு எது பொருந்தும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

கர்நாடகச் சட்டத்தில் ஊழியருக்கு என்ன உண்டு?

இரண்டு சட்டங்களை அறிந்திருக்க வேண்டும். முதலாவது, 1961-ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம். வேலை நேரம், கடை திறக்கும் மூடும் நேரம், வார விடுமுறை ஆகியவற்றை இது வகுக்கிறது. ஒவ்வொரு ஊழியருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு என்பது இதன் அடிப்படை.

இரண்டாவது, 1963-ஆம் ஆண்டின் கர்நாடகத் தொழில் நிறுவனங்கள் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைச் சட்டம். பெயரில் தொழில் நிறுவனம் என்று இருந்தாலும் கடைகளும் வணிக நிறுவனங்களும் இதன் வரம்புக்குள் வருகின்றன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஐந்து நாட்கள் ஊதியத்துடன் கூடிய கட்டாய விடுமுறை. நவம்பர் 1 கர்நாடக மாநிலம் உருவான ராஜ்யோத்சவ நாள். இவை தவிர மேலும் ஐந்து பண்டிகை நாட்கள் உண்டு. அந்த ஐந்தும் எவை என்பதைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. முதலாளி, ஊழியர் ஆகிய இரு தரப்பின் கருத்தையும் அறிந்தே அவை முடிவு செய்யப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு தேசிய நாட்களையும் ஐந்து பண்டிகைகளையும் வழங்குகிறது. மகாராஷ்டிரம் 2017-இல் இயற்றிய சட்டமோ மொத்தம் எட்டு நாட்களை வழங்கி, அவற்றில் நான்கு பண்டிகைகளை ஆண்டு தொடங்கும் முன்னரே முதலாளியும் தொழிலாளரும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்கிறது.

விடுமுறை நாளில் ஊழியரை வேலைக்கு அழைக்கவே கூடாதா? அழைக்கலாம். ஆனால் அதற்கு விலை உண்டு. அன்றைக்கு இரட்டை ஊதியம் வழங்க வேண்டும், அல்லது அன்றைய ஊதியத்துடன் வேறொரு நாளில் ஊதியத்துடன் கூடிய மாற்று விடுப்பு அளிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 500 ரூபாய் ஊதியம் பெறும் ஊழியர், விடுமுறையாகக் குறிக்கப்பட்ட தீபாவளியன்று கடைக்கு வந்தால் அவருக்கு 1,000 ரூபாய் சேர வேண்டும். அல்லது 500 ரூபாயும் மற்றொரு நாள் விடுப்பும் சேர வேண்டும். ஒரு வேட்டியோ சேலையோ இனிப்புப் பெட்டியோ இதற்கு ஈடாகாது. பண்டிகை அன்பளிப்பு வேறு, விடுமுறை ஊதியம் வேறு.

சுருங்கக் கூறின், கடை திறந்திருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. திறந்திருப்பதன் செலவை ஊழியர் தலையில் சுமத்துவதைத்தான் தடுக்கிறது.

ஆண்டு முழுவதும் திறக்க அனுமதி

கொரோனா முதல் அலைக்குப் பின் வணிகத்தை ஊக்குவிக்கும் நோக்கில், 2021 ஜனவரி 2 அன்று கர்நாடக அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட கடைகளும் வணிக நிறுவனங்களும் ஆண்டின் எல்லா நாட்களிலும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று மூன்று ஆண்டுகளுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. தமிழ்நாடு 2019-இலேயே இத்தகைய அனுமதியை வழங்கி, 2022-இல் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டித்தது.

கர்நாடக அறிவிக்கையில் நிபந்தனைகள் பல. ஊழியர்கள் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுப்பு எடுக்க ஏதுவாகக் கூடுதல் ஆட்களை நியமிக்க வேண்டும். நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதே இயல்பான வேலை நேரம். கூடுதல் நேரத்தைச் சேர்த்தாலும் ஒரு நாளில் 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஊதியம் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும். பெண்களை இரவு 8 மணிக்குப் பின் பணியில் வைக்க அவர்களது எழுத்துப்பூர்வ ஒப்புதலும் போக்குவரத்து வசதியும் பாதுகாப்பும் தேவை.

இங்கு பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு செய்தி உண்டு. சுழற்சி முறையில் கிடைப்பது வார விடுப்பு. அது செவ்வாய்க்கிழமை வரலாம், வியாழக்கிழமையும் வரலாம். பண்டிகை விடுமுறை என்பது வேறு சட்டத்தின் கீழ் வரும் தனி உரிமை. எல்லா நாளும் திறக்கும் அனுமதி 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சார்ந்தது. 1963-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய பண்டிகை நாட்களை அது பறிக்கவில்லை. வார விடுப்பு கொடுத்துவிட்டோமே, இனிப் பண்டிகைக்கு எதற்கு விடுப்பு என்று கேட்கும் மேலாளர் இரண்டு கணக்குகளை ஒன்றாக்குகிறார்.

இந்த அனுமதியின் மற்றொரு கூறும் கவனத்துக்குரியது. பத்து ஊழியர் வரம்புக்குக் கீழே உள்ள சிறு கடைகளுக்கு இத்தளர்வு இல்லை. ராபர்ட்சன்பேட்டையின் எம்.ஜி. மார்க்கெட் போன்ற இடங்களில் ஒருவரோ இருவரோ உதவிக்கு இருக்கும் கடைகள் பழைய விதிகளுக்குள்ளேயே நிற்க, பெரிய நிறுவனங்கள் ஆண்டு முழுவதும் திறக்கும் சுதந்திரம் பெற்றன. இங்கிலாந்தில் நிலைமை இதற்கு நேர்மாறானது. 1994-ஆம் ஆண்டின் ஞாயிறு வணிகச் சட்டப்படி 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கலாம். ஈஸ்டர் ஞாயிறன்று அவை மூடியிருக்க வேண்டும். 2004-ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம் கிறிஸ்துமஸ் நாளிலும் பெரிய கடைகளுக்குப் பூட்டுப் போட்டது. சிறு கடைகளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. தெருமுனைக் கடைக்காரருக்கு ஆண்டில் சில நாட்களேனும் போட்டியின்றி வணிகம் கிடைக்கட்டும் என்ற கணக்கு அதில் அடங்கியுள்ளது. பத்து ஊழியர் வரம்பை ஊக்கம் என்ற பெயரில் வகுத்தபோது, நம் மாநிலங்கள் இக்கோணத்தைப் போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை.

மாரிக்குப்பம் ரயிலில் செல்வோர்

தங்கவயலில் இருந்து பெங்களூரு சுமார் 100 கிலோ மீட்டர். மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில்கள் சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களைக் கடந்து பங்காருபேட்டையில் முதன்மைப் பாதையை அடைகின்றன. அதிகாலையில் ஏறி இரவில் இறங்கும் ஆயிரக்கணக்கானோரில் கடை ஊழியர்களும் காவலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் உண்டு. பெங்களூருவின் வணிக வளாகம் கிறிஸ்துமஸ் நாளன்று திறந்திருக்கும்போது, அதற்குள் நிற்பவர் சாம்பியன் ரீஃப் குடியிருப்பின் தேவாலயத்தில் அன்று காலை இருந்திருக்க வேண்டியவராக இருக்கலாம்.

உள்ளூர்க் கடையில் ஊழியர் முதலாளியிடம் நேரில் கேட்டு அரை நாள் பெறக்கூடும். பெங்களூருவில் ஒப்பந்த நிறுவனம் வழியாகப் பணியில் அமர்த்தப்பட்டவருக்கு யாரிடம் கேட்பது என்பதே தெளிவாக இருப்பதில்லை. பயணத்துக்கே நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் செலவாகும் நிலையில், அரை நாள் விடுப்பு அவருக்கு விடுப்பே அன்று. பண்டிகை விடுமுறை முழு நாளாக இருக்க வேண்டும் என்று சட்டம் வலியுறுத்துவதன் பொருள் இத்தகையோரின் வாழ்க்கையில் விளங்கும்.

சட்டமே மூடச் சொல்லும் கடைகள்

பொதுவாகக் கடைகளை மூடச் சொல்லாத அரசு, இரண்டு வகைக் கடைகளை மட்டும் மத நாட்களில் மூடச் சொல்கிறது. ஒன்று இறைச்சிக் கடை, மற்றொன்று மதுக்கடை. தமிழ்நாட்டில் வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மிலாது நபி ஆகிய நாட்களில் டாஸ்மாக் கடைகள் மூடப்படுவது அனைவரும் அறிந்தது. பெங்களூருவில் மகாவீர் ஜெயந்தி, ராம நவமி, புத்த பூர்ணிமை, கிருஷ்ண ஜெயந்தி, விநாயகர் சதுர்த்தி போன்ற நாட்களில் விலங்கு வதையையும் இறைச்சி விற்பனையையும் தடை செய்து மாநகராட்சி நிர்வாகம் ஆணைகள் பிறப்பித்து வந்துள்ளது. அவை பெங்களூரு எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாகும். பிற ஊர்களில் அந்தந்த உள்ளாட்சியின் ஆணையே பொருந்தும்.

இது சரியா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2008 மார்ச் 14 அன்று ஒரு விடை தந்தது. ஜெயின்களின் பர்யூஷண் பண்டிகையை ஒட்டி அகமதாபாத் மாநகராட்சி ஒன்பது நாட்கள் இறைச்சிக் கூடங்களை மூடியது. குஜராத் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்திருந்தது. ஆண்டில் ஒன்பது நாள் என்பது குறுகிய காலம், அந்நகரில் ஜெயின்கள் கணிசமாக வாழ்கின்றனர், எனவே இது நியாயமான கட்டுப்பாடே என்று கூறி உச்ச நீதிமன்றம் மாநகராட்சியின் முடிவை ஏற்றது. நீண்ட காலத்துக்கு மூடுவது வேறு விஷயம் என்பதையும் அது உணர்த்தியது. 2015 செப்டம்பரில் இதே பர்யூஷணுக்காக மும்பையில் இறைச்சி விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டபோது, பம்பாய் உயர் நீதிமன்றம் செப்டம்பர் 17-ஆம் தேதிக்கான விற்பனைத் தடையை நிறுத்தி வைத்தது. அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்தது. ஆக, நாட்களின் எண்ணிக்கை, ஊரின் மக்கள்தொகை, தடையின் அளவு ஆகியவற்றைப் பொறுத்தே விடை மாறுகிறது.

இறைச்சிக் கடைக்காரரின் நாட்காட்டி வேறானது என்பதை இந்த விவாதத்தில் யாரும் நினைவுகூர்வதில்லை. தமிழ்க் குடும்பங்களில் தீபாவளி அதிகாலையில் ஆட்டிறைச்சிக்கு வரிசை நிற்பது வழக்கம். யுகாதிக்கு மறுநாளைக் கன்னடக் குடும்பங்கள் ஹொசதொடகு என்ற பெயரில் இறைச்சி உணவுடன் கொண்டாடுகின்றன. கோலார் மாவட்டத்தில் இவ்விரு வழக்கங்களும் அருகருகே உள்ளன. ஒரு சமயத்தின் புனித நாள் பிறிதொரு குடும்பத்தின் விருந்து நாளாகவும் இருக்கிறது. மூடும் ஆணையால் வருவாய் இழக்கும் சிறு வணிகருக்கு இழப்பீடு என்று எதுவும் இல்லை. ஆணை எத்தனை நாட்களுக்கு முன் அறிவிக்கப்படுகிறது என்பதேனும் முக்கியம். கொள்முதல் செய்த ஆடுகளுக்குத் தீவனச் செலவு ஆணையைப் பார்த்து நிற்பதில்லை.

கடை மூடல் அரசியலாகும்போது

அரசு ஆணை இல்லாமல் கடைகளை மூடும்படி எவரும் கட்டாயப்படுத்த இயலாது. வணிகர் சங்கம் முடிவெடுத்து உறுப்பினர்கள் தாமாக மூடலாம். மூட மறுக்கும் கடைக்காரரை மிரட்டினால் அது குற்றம். கட்டாய முழு அடைப்பு குடிமக்களின் அடிப்படை உரிமைகளுக்கு எதிரானது என்று 1997-இல் கேரள உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் உறுதி செய்தது. மத நாளுக்கான கட்டாய அடைப்புக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

கடையை மூடுவதே பின்னர் எதிராகத் திரும்பிய நிகழ்வையும் கர்நாடகம் கண்டுள்ளது. ஹிஜாப் வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 மார்ச் 15 அன்று தீர்ப்பளித்ததை எதிர்த்து, மார்ச் 17 அன்று முஸ்லிம் வணிகர்கள் பலர் கடைகளை மூடினர். சில நாட்களில் உடுப்பி மாவட்டம் காபு மாரிகுடி கோயில் திருவிழாவில் முஸ்லிம்களுக்குக் கடை இடம் மறுக்கப்பட்டது. அவர்கள் கடைகளை மூடியதைக் காரணமாகச் சுட்டிய குரல்கள் அப்போது எழுந்தன. கோயிலுக்கு அருகிலுள்ள அறநிலையச் சொத்தை இந்து அல்லாதோருக்குக் குத்தகைக்கு விடுவதைத் தடுக்கும் 2002-ஆம் ஆண்டு விதியும் விவாதத்துக்கு வந்தது. திருவிழாக் கடை என்பது பல தலைமுறைகளாகச் சமய எல்லையைத் தாண்டி நடந்த வணிகம். எந்த நாளில் யார் மூடினார்கள் என்று குறித்து வைக்கப்படும் ஊரில், கடைக் கதவு வெறும் கதவாக இருப்பதில்லை.

அந்த ஐந்து நாட்கள் எவை?

மீண்டும் ராபர்ட்சன்பேட்டைக்கு வருவோம். ஒரு துணிக்கடையில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், பௌத்தர் என நால்வர் பணிபுரிவதாகக் கொள்வோம். சட்டம் வழங்கும் பண்டிகை நாட்கள் ஐந்து. பொங்கல், ரம்ஜான், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று நான்கைக் குறித்தால், ஐந்தாவது யுகாதியா, ஆயுத பூசையா, புனித வெள்ளியா, புத்த பூர்ணிமையா? இதை முதலாளி தனித்து முடிவு செய்தால் அவருடைய சமயத்தின் நாட்காட்டியே கடையின் நாட்காட்டியாகும். ஊழியர் கருத்தையும் அறிய வேண்டும் என்று சட்டம் கூறுவது இதற்காகவே. மாற்று விடுப்பு என்ற ஏற்பாடும் இங்கு உதவுகிறது. தீபாவளியன்று கடையைத் திறக்க முதலாளி விரும்பினால், அன்று வர முன்வரும் கிறிஸ்தவ ஊழியருக்கு வேறொரு நாள் ஊதியத்துடன் கிடைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று இந்து ஊழியர் வந்தால் அவருக்கும் அவ்வாறே. எவரும் தம் பண்டிகையை இழக்காமல் கடை திறந்திருக்க இது ஒரு வழி. அதை வாய்மொழியாக விடாமல் பதிவேட்டில் எழுதி வைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

குறிக்கப்பட்ட பண்டிகை நாளில் விடுப்பும் இல்லை, இரட்டை ஊதியமும் இல்லை, மாற்று விடுப்பும் இல்லை என்ற நிலை ஏற்பட்டால், ஊழியர் தம் பகுதித் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் அளிக்கலாம். பெங்களூருவில் பணிபுரிவோர் பணியிடம் அமைந்துள்ள பகுதியின் ஆய்வாளரை அணுக வேண்டும். வருகைப் பதிவின் நகல், ஊதியம் வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கு விவரம், அன்று பணிக்கு வரும்படி கைப்பேசியில் அனுப்பப்பட்ட செய்தி ஆகியவற்றை எடுத்து வைத்திருப்பது புகாருக்கு வலுச் சேர்க்கும். தினமும் ரயிலில் செல்வோருக்கு அந்த நாளின் பயணச்சீட்டும் ஒரு சான்றாக உதவக்கூடும்.